கோபுரத்தில் வீடா, நாலு மாடிக் குடியிருப்பா, திருநின்றவூரில் மனையா?

பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் இப்போதெல்லாம் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்க்கிறார்கள். பின்னி மில் இருந்த இடத்தில் கட்டடங்கள் கோபுரம் கோபுரமாக எழுந்துகொண்டிருக்கின்றன. 1876-இல் பக்கிங்காம் மில் தொடங்கிய இடம் அது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் மில்லை மூடிய பிறகு நெடுங்காலம் மதில் சுவர் மட்டும்தான் கண்ணில் படும். இப்போது அந்த மதிலுக்குள் மொத்த வியாபாரச் சந்தை, கடைகள், அலுவலகங்கள், வானுயர்ந்த வீடுகள் என்று ஒரு குட்டி ஊரே எழுகிறது. வேளச்சேரியிலும் திருமங்கலத்திலும் பெருங்குடியிலும் ஏற்கெனவே பார்த்ததுதான். வடசென்னைக்குத்தான் புதிது.

புதிது என்று சொன்னால் சவுகார்பேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். கீழே கடை, மேலே வீடு என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கடைக்காரரும் வீட்டுக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது ஒரே குடும்பம். மோட்டார் ரிப்பேர் என்றால் மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டால் போதும். புதிய கோபுரங்களில் கீழ்த்தளம் ஒரு கம்பெனியிடம் இருக்கும், மேலே ஐந்நூறு குடும்பங்கள் இருக்கும். இரு தரப்புக்கும் ஒரே சம்ப், ஒரே கழிவுநீர் நிலையம், ஒரே வாசல். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் விஷயம் பெரும்பாலும் இதைச் சுற்றியேதான் வரும்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் தம்பி மகன். வயது முப்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவன் மனைவிக்கு எழும்பூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். மூட்டுவலியோடு அவன் அம்மா. கையிருப்பும் கடனும் சேர்த்து ஒரு கோடியே பத்து லட்சம் வரை போகலாம் என்கிறான். நகருக்குள் இந்த மாதிரி வளாகங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எந்த வளாகம், எந்த பில்டர் என்பது இங்கே வேண்டாம். "பெரியப்பா, இருபதாவது மாடியிலிருந்து பார்த்தா கடல் தெரியுது" என்றுதான் ஆரம்பித்தான். நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பத்திரம் படித்தே வயதானவன். எனக்குக் கடல் தெரியவில்லை, நிலத்தில் கிடைக்கும் பங்கான யூ.டி.எஸ். தெரிந்தது.

ஆகவே மூன்று வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். ஒன்று, கடைகளும் அலுவலகமும் சேர்ந்த உயர்மாடி வளாகத்தில் புது வீடு. இரண்டு, பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பகுதியில் தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் நாலு மாடியும் உள்ள, பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய குடியிருப்பில் ஒரு ஃபிளாட். மூன்று, திருநின்றவூர் பக்கம் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) வாங்கித் தனிவீடு கட்டிக்கொள்வது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிலம் முழுக்க உங்களுடையது, மெயின்டனன்ஸ் என்று யாரும் மாதாமாதம் கேட்க மாட்டார்கள், மாடி எடுக்க யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். அரக்கோணம் மார்க்க மின்சார ரயில் அம்பத்தூர் வழியாகவே வருகிறது என்பதால் அவனுக்குச் சௌகரியம்தான். ஆனால் வீடு கட்டுவது ஒரு வருஷம் முழுநேர வேலை. சதுர அடிக்கு 2,500 ரூபாய்க்குக் குறைத்து ஒப்புக்கொள்ளும் மேஸ்திரி எதைக் குறைப்பார் என்று யோசிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனையா, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் ஒத்துப்போகிறதா என்பதற்கு அப்பால், அந்தப் பக்கம் ஏரிகள் அதிகம், மழைக்காலத்தில் போய்ப் பார்க்காமல் மனை வாங்கக் கூடாது. இதெல்லாம் சமாளிக்கலாம். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடித்து எழும்பூரிலிருந்து அவள் திருநின்றவூர் போய்ச் சேர வேண்டும் என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு நல்ல வழி. இவர்களுக்கு இல்லை.

மிச்சம் இரண்டு. முதலில் நிலக் கணக்கு.

ஃபிளாட் வாங்குகிறவருக்குக் கட்டடத்தோடு அது நிற்கும் நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கு கிடைக்கும். அதுதான் யூ.டி.எஸ். எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற விதி தீர்மானிக்கிறது. 2019-க்கு முன் சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு நிலப்பரப்பில் ஒன்றரை மடங்குதான் கட்டலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை நிலப்பரப்பில் இரண்டு மடங்காக உயர்த்தின. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சாலை அகலமாக இருந்தால் அங்கே 3.25 மடங்கு. அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி, கூடுதலாகக் கட்டும் உரிமையான பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் இன்னும் 50 சதவீதம், அதாவது ஏறத்தாழ 4.87 மடங்கு.

இதை 1,000 சதுர அடி வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மடங்குக் காலத்துக் கட்டடத்தில் சுமார் 660 சதுர அடி நிலம் உங்கள் பங்கு. இரண்டு மடங்கில் 500. உயர்மாடியில் 300 சொச்சம். பிரீமியத்தையும் பயன்படுத்திவிட்டால் 200-ஐ ஒட்டி வந்துவிடும். பெரிய மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக அரசுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். இது தோராயக் கணக்குதான். கையில் கிடைக்கும் டிராஃப்ட் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நிஜம். ஆனாலும் திசை இதுதான்.

அந்தப் பங்கு எதற்கு உதவும் என்று கேட்கலாம். தி.நகரிலும் கே.கே.நகரிலும் அண்ணா நகரிலும் நாற்பது வருஷப் பழைய ஃபிளாட்டுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களே, அது எப்படி நடக்கிறது? பழைய கட்டடம் ஒன்றரை மடங்கில் நிற்கிறது, இப்போது அதற்கு மேல் கட்டலாம். அந்தக் கூடுதல் பரப்பை விற்று பில்டர் லாபம் எடுக்கிறார், பழைய உரிமையாளர்களுக்குப் புது வீடு கிடைக்கிறது. கோபுரத்தில் அந்த மிச்சத்தை முதல் நாளே பயன்படுத்தியாகிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து இடித்துக் கட்ட எந்த பில்டர் வருவார், அவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்று யாரிடமும் பதில் இல்லை. இடிப்பதே பெரிய வேலை. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் மிச்சமிருந்த இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத்தான் தகர்த்தார்கள். அது வெறும் பதினொரு மாடி.

2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று அது வழி செய்கிறது. பத்து வீட்டில் ஏழு பேரைச் சம்மதிக்க வைக்கலாம். ஐந்நூறு வீட்டில்? அதில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள் யூ.டி.எஸ்.ஸைப் பற்றி அளவுக்கு மீறித்தான் பேசுகிறோம். 660 சதுர அடி பங்கு இருக்கிறது என்பதற்காக அதை வெட்டி விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. இவனுக்கு வயது முப்பத்தெட்டு. அந்தப் பலன் வரும்போது அனுபவிப்பது பேரப்பிள்ளைகள்தான். வாழப்போகிற இருபது வருஷம் எப்படி இருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அங்கேதான் மெயின்டனன்ஸ் வருகிறது. ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் நீச்சல்குளத்தைப் பார்க்கிறார்கள், கிளப் ஹவுஸைப் பார்க்கிறார்கள். குடிவந்துவிட்ட ஒரு வளாகத்தின் வருஷாந்திர வரவு செலவுத் தாளை யாரும் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. கேட்டால் பல சங்கங்கள் காட்டுவார்கள். அதில் லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் ஆட்கள், செக்யூரிட்டி, துப்புரவு, பொது மின்சாரம், தண்ணீர் லாரி, தீயணைப்பு பம்பு பராமரிப்பு, இன்சூரன்ஸ் என்று வரிசையாக வரும். கோபுரத்தில் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று வைத்தால் 1,200 சதுர அடிக்கு 6,000 ரூபாய், வருஷத்துக்கு 72,000. மாதம் 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் வந்து உட்காரும். ஆகவே 1,600 சதுர அடி வீடு வாங்குகிறவர் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாலு மாடிக் குடியிருப்பில் 2,000, 3,000 ரூபாயில் மாதம் ஓடிவிடும். ஒரு வாட்ச்மேன், ஒரு லிஃப்ட், சம்ப் மோட்டார், படிக்கட்டு லைட்டு. அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம். இந்தத் தொகை கட்டும் 1,200 சதுர அடி என்பது விற்பனைப் பரப்பு. சுவருக்குள் நடமாடும் கார்பெட் பரப்பு உயர்மாடியில் பெரும்பாலும் 800-லிருந்து 850 வரைதான் தேறும். லிஃப்ட் கூடங்கள், இரண்டு படிக்கட்டு, ஷாஃப்டுகள், லாபி எல்லாம் உங்கள் தலையில் பங்கு போட்டு வந்தவை. பழைய ஃபிளாட்டில் 1,000 என்று சொன்னாலும் உள்ளே ஏறக்குறைய அதே இடம் இருக்கும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது வேறு எண்ணாக இருந்தால் அதிசயமில்லை. இரண்டையும் கார்பெட்டுக்கு மாற்றி ஒப்பிடாமல் விலை மலிவு, விலை அதிகம் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

இப்போது கீழே இருக்கும் கடைகளுக்கு வருவோம். மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அவன் எனக்கு அனுப்பியிருந்தான். அறுபது பக்கத்துக்கு மேல். வழக்கமாக எல்லாரும் படிக்கும் அட்டவணைகளைத் தள்ளிவிட்டு நடுப்பக்கங்களுக்குப் போனேன். கடைப் பகுதியும் அலுவலகப் பகுதியும் கட்டுமான நிறுவனத்திடமே இருக்கும், அவற்றின் பயன்பாட்டை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், உள்சாலையையும் நுழைவாயிலையும் கடைக்கு வருகிறவர்கள் பயன்படுத்தத் தடை செய்யக் கூடாது என்று மூன்று வரி. சட்டத்துக்கு முரணாக ஒன்றுமில்லை. ஆனால் இன்று துணிக்கடையாக இருக்கும் இடம் நாளை இரவு ஒரு மணிவரை நடக்கும் உணவகமாகவோ கல்யாண மண்டபமாகவோ ஆனால் மேலே இருப்பவர் பேச இடமில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி பணம். உயர் அழுத்த மின் இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் யாருடையது? கடைகளின் ஏ.சி. எந்த மீட்டரில் ஓடுகிறது? சனி, ஞாயிறில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகும் கழிப்பறைகளின் கழிவு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அதை ஓட்டும் செலவு எந்த விகிதத்தில் பிரிகிறது? பரப்பளவுப்படி பிரித்தால் குடியிருப்பவர்களுக்கு நஷ்டம், ஏனென்றால் ஒரு சதுர அடிக் கடை ஒரு சதுர அடி வீட்டைவிட எத்தனையோ மடங்கு தண்ணீரையும் மின்சாரத்தையும் வாங்கும். பயன்பாட்டுப்படி பிரிப்பதானால் தனித்தனி மீட்டர் முதலிலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு வைப்பது என்பது நடக்காத காரியம்.

சங்கத்தில் ஓட்டு எப்படி என்பதும் அதே கதைதான். பங்கு விகிதப்படி ஓட்டு என்றால், விற்காமல் கையில் வைத்திருக்கும் கடைப் பகுதிக்காக நிறுவனமே சங்கத்தின் மிகப் பெரிய உறுப்பினர். குடியிருப்புக்குத் தனிச் சங்கம், வணிகப் பகுதிக்குத் தனி ஏற்பாடு, பொதுவானவற்றுக்கு மட்டும் மேலே ஒரு கூட்டமைப்பு என்று ஆரம்பத்திலேயே பிரித்து எழுதியிருந்தால் நல்லது. எழுதாமல் விட்டால் பிற்பாடு நீதிமன்றத்தில்தான் பிரிக்க வேண்டியிருக்கும். கோபுரங்கள் கட்டம் கட்டமாக வரும் வளாகங்களில் இன்னொரு சிக்கல். முதல் கட்டத்தில் வாங்கினவருக்குக் காட்டிய கிளப் ஹவுஸ் மூன்றாம் கட்டத்தில் இருக்கலாம். ரெராவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பதிவு எண் உண்டு. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் எண்ணைப் போட்டு எந்தக் கோபுரம், எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கிளப் ஹவுஸ் எதில் வருகிறது என்று பார்த்துவிடலாம். இதற்கு ஒரு மாலை போதும்.

நேரில் பார்க்க விரும்பினால் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் மாலை ஒட்டிய கோபுரங்கள், திருமங்கலத்தில் வி.ஆர். மால் பக்கம் மெட்ரோசோன் ஆகிய இடங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ச் சும்மா வெளியே நின்று பாருங்கள். மாலுக்கு வரும் வண்டியும் வீட்டுக்குப் போகும் வண்டியும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது இத்தகைய வளாகம் எதற்கும் பார்க்க வேண்டிய விஷயம். ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழியும் அதுதான்.

தண்ணீரையும் மழையையும் பற்றி இரண்டு தரப்புக்கும் குறை நிறை உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வற்றியபோது லாரியை நம்பியிருந்த பெரிய வளாகங்கள் தவித்தன. பழைய பகுதிகளில் குடிநீர் வாரியக் குழாயில் சொட்டுச் சொட்டாகவாவது வந்தது. மழை என்றால் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் தண்ணீர் நிற்பது ஊரறிந்தது. ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓடும் இடத்தில் அடித்தளக் கார் நிறுத்தம் என்றால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஜெனரேட்டரும் மின் அறையும் அடித்தளத்தில் இருக்கின்றனவா, மேலே போடியம் எனும் மேடைத் தளத்தில் இருக்கின்றனவா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் ஒரு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கினால் இருபதாவது மாடியில் இருப்பவருக்கு லிஃப்டும் இல்லை, தண்ணீரும் ஏறாது. நாலாவது மாடிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாவது இறங்கிவிடலாம்.

தீ விஷயத்தில் கோபுரத்துக்குத்தான் நல்ல மதிப்பெண். 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் பதினான்கு மாடி. 1975-இல் அதில் பற்றிய தீயை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு மிக உயரமான கட்டடங்களில் தீயின்போது ஒதுங்கி நிற்கப் புகலிடத் தளம் கேட்கிறது. தீயணைப்பு லிஃப்ட், தானியங்கித் தெளிப்பான், இரண்டு படிக்கட்டு எல்லாம் கட்டாயம். பழைய நாலு மாடியில் பல இடங்களில் ஒரு மணல் வாளிகூடக் கிடையாது. இருக்கும் ஒரே படிக்கட்டில் சைக்கிளும் பழைய ஃபிரிட்ஜும் நிற்கும்.

பழைய குடியிருப்புக்கு வேறு பொறிகளும் உண்டு, பத்திரம் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் மாடிவரை பிளான் இருக்கும், நாலாவது மாடி தெய்வாதீனம். பிளானில் நாலு வீடு, தரையில் ஆறு வீடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கி கடன் தராது, தந்தாலும் நாளை விற்கும்போது அடுத்தவர் கேட்பார். ஸ்டில்ட் கார் நிறுத்தத்தைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் 'எனக்கு இரண்டு பார்க்கிங்' என்று வாய்மொழி ஒப்பந்தத்தை வைத்துச் சண்டை போடும் குடியிருப்புகள் ஏராளம். பத்து வீட்டில் ஒருவர் மெயின்டனன்ஸ் கட்ட மறுத்தால் மோட்டார் நின்றுபோகும், செக்ரட்டரியாக இருக்க யாரும் முன்வர மாட்டார்கள். நாலு மாடியில் வாழ்வது அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகும் கலை. அதற்கு எல்லாருக்கும் பொறுமை இருக்காது.

வாங்கும் செலவிலும் வித்தியாசம் கணிசமானது. 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் பதிவு. 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு மொத்தம் 9 சதவீதம். கேட்டால் புதுசுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு அது மட்டும் ஐந்தரை லட்சம். நிறைவுச் சான்று (சி.சி.) வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு அந்த ஜி.எஸ்.டி. இல்லை. ஆகவே கோபுரத்தில் வாங்குவதானாலும் சி.சி. வந்த கோபுரத்தில் விற்காமல் கிடக்கும் வீடுதான் புத்திசாலித்தனம். விலை கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள், பேரம் பேசலாம். கட்டி முடியாத வீட்டுக்கு வாடகையும் வட்டியும் ஒருசேரக் கட்டும் இரட்டைச் சுமையும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் ஓட்டு நாலு மாடிக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதலீடு என்று பார்க்கிறவருக்கு, வாடகைக்கு விட்டு வைக்கலாம் என்பவருக்கு, நிச்சயம் அதுதான். மாத மெயின்டனன்ஸும் வெற்று வீட்டின் மாதங்களும் கோபுரத்தில் வாடகை வருமானத்தைத் தின்றுவிடும். ஆனால் அவன் மனைவி ஒன்று கேட்டாள். "மாமா, நைட் பதினோரு மணிக்கு நான் ஆட்டோவிலிருந்து இறங்குற இடத்துல வெளிச்சமும் ஆளும் இருக்கணும். அத்தைக்கு நடு ராத்திரி நெஞ்சு வலின்னா ஸ்ட்ரெச்சர் நுழையற லிஃப்ட் வேணும். நீங்க பார்த்த அயனாவரம் ஃபிளாட்டு லிஃப்ட்டுல நாலு பேர் நின்னாலே மூச்சு முட்டுது." உண்மை. அந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிறுத்தினால்தான் போகும்.

பெரிய வளாகம் விற்பது நிலத்தை இல்லை, இந்த மாதிரிச் சேவையை. பத்து வயதுப் பிள்ளைகள் தெருவைக் கடக்காமல் விளையாடலாம், கீழே மருந்துக்கடை, காய்கறி. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் தடம் பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாக வரும்போது இந்தப் பகுதியில் யார் எங்கே குடியிருந்தாலும் பயணம் குறையும். இந்த வசதிக்காக வருஷம் 72,000 கொடுக்க அவர்கள் தயார் என்றால் அதை வாடகை மாதிரி ஒரு செலவாக எழுதிவிட வேண்டும். முதலீடு என்று சொல்லித் தங்களையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

நாலாவதாக ஒரு வழியை நான் சொன்னேன், யாருக்கும் பிடிக்கவில்லை. குடிவந்துவிட்ட ஒரு வளாகத்தில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, சமையலறை ஜன்னலில் கீழ்த்தள உணவகத்தின் புகை வருகிறதா, ஞாயிற்றுக்கிழமை மைக் சத்தம் எத்தனை மணிக்கு அடங்குகிறது எல்லாம் ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். சென்னையில் வாடகை இன்னும் வட்டியைவிட மிகக் குறைவுதான். "அதுக்குள்ள விலை ஏறிடும் பெரியப்பா" என்றான். ஏறலாம்.

கடைசியில் கோபுரம் என்றே முடிவாகியிருக்கிறது, என் நிபந்தனைகளோடு. பத்தாவது மாடிக்கு மேல் வேண்டாம். சி.சி. வாங்கிய கோபுரம் மட்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. ரெரா சட்டமே பில்டரை அதற்கு மேல் வாங்க விடாது. கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஐந்து வருஷப் பொறுப்பு சட்டத்திலேயே உண்டு என்பதால், சாவி வாங்கும் நாளில் ஒரு சிவில் இன்ஜினியரையும் உடன் அழைத்துப் போய் ஒவ்வொரு அறையாகப் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும்.

அதோடு நாலு கேள்விகளை எழுதி விற்பனை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். கடைப் பகுதிக்குத் தனி மின் மீட்டரும் தனித் தண்ணீர் மீட்டரும் உண்டா. கழிவுநீர் நிலையச் செலவு எந்த விகிதத்தில் பிரிகிறது. ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது. சங்கத்தில் வணிகப் பகுதிக்கு எத்தனை ஓட்டு. ஜெனரேட்டர் போடியத்தில்தான் இருக்கிறது என்று மறுநாளே பதில் வந்தது. மின் மீட்டர் தனி என்றும் உறுதி சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்கும் ஓட்டுக்கும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றிருக்கிறார்கள். அது எழுத்தில் வரும்வரை அட்வான்ஸ் செக் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.